சாயப்பட்டறை வெப்பத்தை மீட்க ஒரே மெஷின், இரண்டு திசை

சாயம் ஏற்றிய துணியைச் சோப்புத் தண்ணீரில் அலசும் சோப்பிங் முடிந்து, சாஃப்ட் ஃப்ளோ என்னும் சாய மெஷின் வடிக்கும் நேரத்தில் பட்டறையின் பின்பக்க வாய்க்காலைப் பார்த்தால் ஒரே ஆவியாக இருக்கும். பத்தடி தள்ளி அடுத்த பேட்சுக்கு 29 டிகிரி சாஃப்ட் வாட்டர் (கடினத்தன்மை நீக்கிய தண்ணீர்) ஏறிக்கொண்டிருக்கும். அதைச் சூடாக்க பாய்லரில் விறகு எரியும். சுத்திகரிப்பு நிலையத்திலோ கழிவுநீர் ஆறவில்லை என்று கூலிங் டவர் ஃபேன் சுற்றும். சூடாக்கவும் காசு, ஆறவைக்கவும் காசு.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகு, சொட்டுக் கழிவுகூட வெளியே விடாத முறைக்கு மாறினால்தான் தொழில் என்று ஆகிவிட்டது. அதன்பின் கழிவுநீரின் சூடு தனித் தலைவலி. 40 டிகிரியைத் தாண்டினால் உயிரியல் தொட்டியில் பாக்டீரியா சோர்ந்துவிடும். ஆர்.ஓ. மெம்பிரேனுக்கு 45 டிகிரிதான் எல்லை. ஆகவே வெப்பத்தை எடுப்பது பாய்லருக்கும் லாபம், சுத்திகரிப்புக்கும் லாபம்.

இங்கே சொல்லப்போவது ஒரே மெஷினை இரண்டு வேலைக்கு ஓட்டும் முறை. வெந்நீர் தேவைப்படும் நேரத்தில் அது ஹீட் பம்ப்: வெதுவெதுப்பான கழிவுநீரிலிருந்து வெப்பத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். வெந்நீர்த் தொட்டி நிரம்பிவிட்டது, துணியை விரித்து உலர்த்தும் ஸ்டென்டர் மெஷினின் புகைபோக்கியில் மட்டும் சூடு வீணாகிறது என்னும் நேரத்தில் அதே கம்ப்ரஸர் எதிர்த்திசையில் சுற்றி மின்சாரம் தரும். இந்த இரண்டாவது சுற்றுக்கு ஆர்கானிக் ரேங்கின் சைக்கிள் என்று பெயர், சுருக்கமாக ஓ.ஆர்.சி. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக ஆய்வகம் ஸ்க்ரோல் கம்ப்ரஸரை வைத்து வீட்டு அளவில் இதைச் செய்து காட்டியிருக்கிறது. ஆலை அளவுக்குக் கொண்டுவரும்போது வரும் கணக்கும் சிக்கலும் வேறு.

வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் பிளேட் எக்ஸ்சேஞ்சர் (சூடான தண்ணீரின் வெப்பத்தைத் தகடுகள் வழியே குளிர்ந்த தண்ணீருக்குக் கடத்துவது), பிறகு ஹீட் பம்ப், கடைசியில் மின்சாரம். "கழிவு வெப்பத்திலிருந்து கரண்ட்" என்ற விளம்பரத்தில் மயங்கி இதைத் தலைகீழாகச் செய்தால் போட்ட பணம் திரும்பாது. ஏன் என்பதை எண்களே சொல்லும்.

கணக்குக்கு ஓர் ஆலை

நாளுக்கு 10 டன் பருத்திப் பின்னல் துணி. கிலோவுக்கு 50 லிட்டர் தண்ணீர், ஆக 500 கன மீட்டர். அதில் 150 கன மீட்டர் சராசரி 75 டிகிரியில் வடிகிற சூடான வாஷ் தண்ணீர். மீதி 350 கன மீட்டர் கலந்து 42 டிகிரியில் சுத்திகரிப்புக்குப் போகிறது. இரண்டு ஸ்டென்டர்கள், ஒவ்வொன்றிலும் மணிக்கு ஏறக்குறைய 12,000 கன மீட்டர் புகை, 140 டிகிரி. மின்சாரம் யூனிட் 8 ரூபாய், விறகு கிலோ 6 ரூபாய். உங்கள் எண்கள் வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறை இதேதான்.

பாய்லர் வெப்பத்தின் விலையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஓரளவு ஈரமுள்ள விறகில் கிலோவுக்கு ஏறத்தாழ 3,500 கிலோகலோரி, அதாவது 4 யூனிட் வெப்பம். பாய்லர், நீராவிக் குழாய், ட்ராப் எல்லாவற்றின் இழப்பும் போக மெஷினுக்குள் சேர்வது 2.5 யூனிட். 6-ஐ 2.5-ஆல் வகுத்தால் ஒரு யூனிட் வெப்பம் 2 ரூபாய் 40 காசு. இந்த ஓர் எண் இல்லாமல் ஹீட் பம்ப் கொட்டேஷனைப் பார்ப்பதில் பயனில்லை. மின்சார விலையை இதனால் வகுங்கள்: 8 ÷ 2.4 = 3.3. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பம் என்று சொல்லும் எண்ணைத்தான் சி.ஓ.பி. என்கிறோம். அது இந்த ஆலையில் 3.3-க்கு மேல் இருந்தால்தான் லாபம் தொடங்கும். ஃபர்னஸ் ஆயில், எல்.பி.ஜி. எரிக்கும் ஆலைக்கு எல்லை இன்னும் கீழே. சொந்தக் காற்றாலை, சோலார் வைத்திருப்பவருக்கும் அப்படித்தான்.

அளந்து பார்ப்பது

சராசரியை நம்பாதீர்கள். குழாயின் மேல் கட்டும் அல்ட்ராசோனிக் ஃப்ளோ மீட்டரையும் சூட்டை அளக்கும் பிடி-100 சென்சாரையும் வாடகைக்கு எடுத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு பதிவு வீதம் 14 நாள், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து எடுங்கள். ஒரு தாளில் மணிவாரியாக இரண்டு கோடு: எவ்வளவு வெப்பம் கிடைக்கிறது, எவ்வளவு கேட்கிறது. கிடைப்பது கேட்பதற்கு மேலே நிற்கும் மணிகள் மட்டும்தான் மின்சாரத்துக்கு. அந்த மணிகள் நாளுக்கு இரண்டுதான் என்றால் திசை திருப்பும் மெஷினை மறந்துவிட்டு வெறும் ஹீட் பம்ப் வாங்குங்கள்.

எந்தத் தண்ணீர் எது என்பதையும் அப்போதே பிரியுங்கள். ரியாக்டிவ் சாயத்தில் லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் உப்பு இருக்கும். அந்தச் சாயத் தண்ணீரைச் சூட்டோடு 316 எல் ஸ்டெயின்லெஸ் பிளேட்டில் விட்டால் குளோரைடு துளை போட்டுவிடும், டைட்டானியம்தான் தாங்கும். சாயத் தண்ணீரைத் தனியாகப் பிரித்து உப்பு மீட்புக்கு அனுப்பும் ஆலைகளில் இது சுலபம்: அந்தக் குழாயைத் தொடாமல், சூடான வாஷ் தண்ணீரை மட்டும் எக்ஸ்சேஞ்சருக்குத் திருப்புங்கள். மெஷின் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடிகால் வால்வு. 60 டிகிரிக்கு மேல் என்றால் சூடான லைன், கீழே என்றால் சாதாரண லைன் என்று மெஷினின் கன்ட்ரோலரிலேயே எழுதிவிடலாம். பொது வாய்க்காலில் ஒரு சென்சார் வைத்துப் பிரிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அங்கே வரும்போதே தண்ணீர் கலந்திருக்கும், 75 என்பது 55 ஆகியிருக்கும்.

பிளேட் எக்ஸ்சேஞ்சர்

500 கிலோ மெஷின் ஒன்று 1:6 விகிதத்தில், அதாவது கிலோ துணிக்கு 6 லிட்டர் வீதம், 3,000 லிட்டரை நான்கு நிமிடத்தில் கொட்டும். அது மணிக்கு 45 கன மீட்டர் வேகம். நாள் முழுக்கச் சராசரி பார்த்தால் மணிக்கு 6.25 கன மீட்டர்தான். அதனால் எக்ஸ்சேஞ்சருக்கு முன் இன்சுலேஷன் போட்ட 15 கன மீட்டர் தொட்டி வேண்டும். தொட்டி இல்லாமல் நேராகக் கொடுத்தால், கொட்டும்போது பாதி வெப்பம் பிடிபடாமல் ஓடிவிடும், மற்ற நேரம் பிளேட் சும்மா நிற்கும்.

தொட்டிக்கு முன் தானாகக் கழுவிக்கொள்ளும் ட்ரம் ஃபில்டர், அரை மில்லிமீட்டர் ஓட்டை. பின்னல் துணியின் பஞ்சு சாதாரண ஸ்ட்ரெய்னரை ஒரு ஷிப்டில் அடைத்துவிடும். நனைந்த ஃபெல்ட் மாதிரி ஒரு தகடாக உரிந்து வரும். அதைக் கழுவ ஆள் வருவதற்குள் பைபாஸ் வால்வைத் திறந்துவிடுவார்கள். ஒரு முறை திறந்த பைபாஸை யாரும் மூடுவதில்லை. வெப்ப மீட்பு முடிந்த கதைதான். பைபாஸ் வால்வில், அது திறந்திருப்பதைக் காட்டும் லிமிட் ஸ்விட்ச் வைத்துக் கன்ட்ரோல் ரூமில் விளக்கு எரிய வையுங்கள்.

எக்ஸ்சேஞ்சர் அகல இடைவெளிப் பிளேட் வகையாக, கேஸ்கெட் போட்டுப் பிரிக்கக்கூடியதாக இருக்கட்டும். பிரேஸிங் செய்த சின்னப் பிளேட் இங்கே ஒரு மாதம் தாங்காது. 75 டிகிரி தண்ணீர் 39-க்கு இறங்க, சாஃப்ட் வாட்டர் 29-லிருந்து 65-க்கு ஏற, 16 முதல் 18 சதுர மீட்டர் பரப்பு போதும். நாளுக்கு 6,300 யூனிட் வெப்பம் திரும்பக் கிடைக்கும். விறகில் இரண்டரை டன், ரூபாயில் 15,000. இதற்குப் பிறகு வரும் எதுவும் இந்த அளவு சம்பாதித்துத் தராது.

சுத்தமாக இருந்தபோது பார்த்த அழுத்த வேறுபாட்டைவிட 0.3 பார் கூடினால் கழுவும் நேரம் வந்துவிட்டது. 2 விழுக்காடு காஸ்டிக் சோடா 60 டிகிரியில் ஒரு மணி நேரம் சுற்றவிடுங்கள், பிறகு சல்ஃபாமிக் ஆசிட். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஸ்டெயின்லெஸ் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஹீட் பம்ப்பை எந்தச் சூட்டுக்குக் கேட்பது

பிளேட்டிலிருந்து வரும் 65 டிகிரித் தண்ணீரை ஹீட் பம்ப்பால் 80-க்கு ஏற்றலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். போட்டுப் பாருங்கள். மெஷினுக்குள் சுற்றும் கேஸ் ஆவியாவது 30 டிகிரியில், குளிர்ந்து திரவமாவது 87 டிகிரியில் இருக்க வேண்டும். இயற்பியல் அனுமதிக்கும் உச்ச சி.ஓ.பி.யான கார்னோ எல்லை, கெல்வினில் 360 ÷ 57 = 6.3. நல்ல மெஷின் அதில் பாதி தரும்: 3.1. நமக்கு வேண்டியது 3.3. விறகை விட்டுவிட்டுக் கரண்ட்டில் நஷ்டப்பட்டதுதான் மிச்சம்.

வேறு வழி உண்டு. பிளேட்டுக்குப் போகாத மற்ற சாஃப்ட் வாட்டரை 29-லிருந்து 62-க்கு ஏற்றச் சொல்லுங்கள். பருத்திக்கான ரியாக்டிவ் சாயம் பெரும்பாலும் 60 டிகிரியில்தான் ஓடுகிறது, அந்தத் தண்ணீர் அப்படியே மெஷினுக்குப் போகும். இப்போது திரவமாகும் சூடு 70, ஆவியாகும் சூடு 30. 343 ÷ 40 = 8.6, பாதி 4.3. பம்ப்பெல்லாம் பார்க்காமல் 4.2 என்று வைத்துக்கொள்வோம். 60-க்கு மேல் தேவைப்படும் கடைசி ஏற்றத்தை நீராவி பார்த்துக்கொள்ளட்டும்.

150 கிலோவாட் வெப்பம் தரும் மெஷினுக்கு 36 கிலோவாட் மின்சாரம், மீதி 114 கிலோவாட் கழிவுநீரிலிருந்து. மணிக்கு 15 கன மீட்டர் கழிவுநீர் 42-லிருந்து 35.5-க்கு இறங்கும். சுத்திகரிப்பு நிலையத்தின் கூலிங் டவரை அநேகமாக நிறுத்திவிடலாம். 17.5 மணி நேரம் ஓடினால் 62 டிகிரியில் 68 கன மீட்டர் தண்ணீர். வெந்நீர்த் தொட்டி 40 கன மீட்டர் போதும்.

ரூபாயில்: 2,625 யூனிட் வெப்பத்துக்கு விறகு 6,300 ரூபாய். மின்சாரம் 630 யூனிட், 5,040. தண்ணீர்ப் பம்ப்புகள் 4 கிலோவாட், இன்னும் 560. நிற்பது 700 ரூபாய். அதிகமில்லைதான், விறகு அவ்வளவு மலிவு. காற்றாலை மின்சாரம் உங்களுக்கு நாலரை ரூபாயில் விழுகிறது என்றால் நிற்பது 3,150. யூனிட் வெப்பத்துக்கு 6 ரூபாய் ஆகும் எண்ணெய் பாய்லரை மாற்றுகிறீர்கள் என்றால் 10,000-ஐத் தாண்டும். யாருக்கு இந்த மெஷின், யாருக்கு வேண்டாம் என்பது இங்கேயே முடிவாகிவிடுகிறது.

ஒரே மெஷின் இரண்டு திசையில் எப்படி

படம் எளிது. உயர் அழுத்தப் பக்கம் ஒரு பிளேட் எக்ஸ்சேஞ்சர், தாழ் அழுத்தப் பக்கம் ஒன்று. மேலே ஆவி லைனில் ஸ்க்ரூ கம்ப்ரஸர் (திருகு வடிவ ரோட்டர்கள் சுழன்று கேஸைச் சுருக்கும் வகை). கீழே திரவ லைனில் எக்ஸ்பான்ஷன் வால்வும் திரவப் பம்ப்பும் பக்கம்பக்கமாக. ஹீட் பம்ப்பாக ஓடும்போது ஆவி தாழ்விலிருந்து உயர்வுக்குப் போகும், திரவம் வால்வு வழியே இறங்கும். ஓ.ஆர்.சி. ஆக ஓடும்போது பம்ப் திரவத்தை உயர் அழுத்தத்துக்குத் தள்ளும், அங்கே ஸ்டென்டர் சூட்டில் ஆவியாகி, கம்ப்ரஸரைப் பின்பக்கமாகச் சுழற்றிவிட்டுத் தாழ் பக்கம் வந்து குளிரும். இந்த அமைப்பில் நால்வழி வால்வே தேவையில்லை.

கேஸுக்கு ஆர்-1233இசட்டி எடுங்கள். எரியாது, புவி வெப்பமாக்கும் அளவு மிகக் குறைவு. ஆர்-134ஏ 101 டிகிரியிலேயே கிரிட்டிக்கலைத் தொட்டுவிடும், அதற்கு மேல் திரவமாகாது. ஆர்-245எஃப்ஏ நன்றாக ஓடும், ஆனால் கிகாலி உடன்படிக்கைப்படி இந்தியாவில் எச்.எஃப்.சி. வகைகளுக்கு 2028-இல் உச்சவரம்பு வருகிறது. பதினைந்து வருடம் ஓட வேண்டிய மெஷினில் அதைப் போய் ஏன் நிரப்ப வேண்டும்?

ஸ்க்ரூவுக்குள் ஒரு கன அளவு விகிதம் நிரந்தரமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. கேஸை எத்தனை மடங்கு சுருக்கிய பிறகு வாசல் திறக்கும் என்பதே அது. ஆர்-1233இசட்டியின் அழுத்தம் 30 டிகிரியில் 1.55 பார், 70-இல் 5.1: விகிதம் 3.3. ஓ.ஆர்.சி. ஆக 80 டிகிரியில் 6.6 பார், 40-இல் 2.15: விகிதம் 3.1. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, உள்விகிதம் 3 உள்ள ஸ்க்ரூ இரண்டு பக்கமும் பொருந்தும். 80 டிகிரித் தண்ணீர்தான் வேண்டும் என்று அடம்பிடித்திருந்தால் ஹீட் பம்ப் பக்க விகிதம் 5 ஆகியிருக்கும், எந்த ஸ்க்ரூவும் இரண்டுக்கும் ஒத்துவராது. சந்தேகம் வந்தால் சிறிய விகிதத்தையே எடுங்கள். எக்ஸ்பாண்டராக, அதாவது கேஸை விரியவிட்டு மின்சாரம் எடுக்கும் திசையில், ஓடும்போது தேவைக்கு மேல் விரிந்தால், வாசல் திறந்ததும் வெளியிலிருக்கும் கேஸ் உள்ளே பாய்ந்து சுழற்சியையே பிடித்து நிறுத்தும். குறைவாக விரிந்தால் கொஞ்சம் வேலைதான் நஷ்டம்.

மெஷின் ஆர்டர் கொடுக்கும்போது மூன்றைக் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் பக்கத்து நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கக் கூடாது, இருந்தால் எதிர்த்திசையில் ஒரு சொட்டு ஆவி நுழையாது. பேரிங் ஆயிலுக்குத் தனிப் பம்ப் வேண்டும். ஹீட் பம்ப்பாக ஓடும்போது டிஸ்சார்ஜ் அழுத்தமே ஆயிலைத் தள்ளிவிடும். எதிர்த்திசையில் அந்தத் தயவு கிடையாது, பேரிங் காய்ந்து போகும். ஷாஃப்ட் சீல் இரண்டு திசைக்கும் உத்தரவாதம் உள்ளதாக இருக்க வேண்டும்.

கழிவுநீரையோ ஸ்டென்டர் புகையையோ கேஸ் எக்ஸ்சேஞ்சருக்கு அருகில் விடாதீர்கள். இரண்டு பக்கமும் சுத்தத் தண்ணீர் ஓடும் மூடிய லூப். தாழ் பக்க லூப்பை மூவழி வால்வு வைத்துக் கழிவுநீர் எக்ஸ்சேஞ்சருக்கோ கூலிங் டவருக்கோ திருப்பலாம். உயர் பக்க லூப்பை வெந்நீர்த் தொட்டிக்கோ ஸ்டென்டர் சூட்டுக்கோ திருப்பலாம். லூப் ஒவ்வொன்றும் 3 டிகிரியைத் தின்னும், மேலே சொன்ன 30, 70 ஆகியவை அதையும் சேர்த்த எண்கள்தான்.

ஒன்றை மட்டும் பைப்பிங் டிராயிங்கிலேயே பாருங்கள். உயர் பக்க எக்ஸ்சேஞ்சரில் கேஸ் குளிரும்போது மேலிருந்து கீழே இறங்கும், தண்ணீர் கீழிருந்து மேலே போக வேண்டும். அதே இடத்தில் கேஸ் ஆவியாகும்போது கீழிருந்து மேலே ஏறும், அப்போது சூடான தண்ணீர் மேலிருந்து இறங்கியாக வேண்டும். அதாவது கேஸ் திசை மாறும்போது தண்ணீரும் திசை மாற வேண்டும். தாழ் பக்கத்திலும் இதேதான். இதை மறந்து பைப் போட்டால் எக்ஸ்பாண்டருக்கு ஈர ஆவி போகும். மெஷின் ஓடும், பவர் மட்டும் வராது. எங்கே கோளாறு என்று தேடி ஒரு மாதம் போய்விடும்.

ஸ்டென்டர் பக்கம்

புகையை 140-லிருந்து 80-க்கு இறக்கினால் ஒரு ஸ்டென்டருக்கு ஏறக்குறைய 175 கிலோவாட். தண்ணீர் லூப் 92 டிகிரியில் கிடைக்கும். நிட்டிங் ஆயிலும் சாஃப்ட்னரும் புகையில் ஆவியாக வந்து குழாயில் பசைபோல ஒட்டும், அதோடு பஞ்சும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். ஃபின் இடைவெளி 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல், முடிந்தால் ஃபின்னே இல்லாத குழாய், வாரம் ஒருமுறை கழுவ நாசில், முன்னால் தீ பரவாமல் மூடிக்கொள்ளும் ஃபயர் டாம்பர். இதில் சிக்கனம் வேண்டாம்.

திசை மாற்றும் முறை

ஹீட் பம்ப்பிலிருந்து மின்சாரத்துக்கு: கம்ப்ரஸரை நிறுத்தி எக்ஸ்பான்ஷன் வால்வை மூடுங்கள். ஷாஃப்ட் முழுக்க நிற்கும்வரை காத்திருங்கள். தாழ் பக்கத்தைக் கூலிங் டவருக்குத் திருப்பி ஐந்து நிமிடம் சுற்றவிடுங்கள். கேஸ் திரவமாகச் சேரும் தொட்டியான ரிசீவரில் திரவம் சேர்ந்து, ஆவியழுத்தத்துக்குரிய சூட்டைவிட 5 டிகிரியாவது குளிர்ந்திருந்தால் மட்டும் திரவப் பம்ப்பை ஓட்டுங்கள். எக்ஸ்பாண்டர் பைபாஸ் திறந்திருக்க வேண்டும். பிறகு உயர் பக்கத்தை ஸ்டென்டர் லூப்புக்கு மெதுவாகத் திருப்புங்கள். ஆவி 5 முதல் 8 டிகிரி சூப்பர்ஹீட் (கொதிநிலைக்கு மேலான சூடு) காட்டியதும் ஆயில் பம்ப். அதன்பின் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவை எதிர்த்திசையில் 20 ஹெர்ட்ஸில் சுழலவிட்டு, எக்ஸ்பாண்டர் வாசலைத் திறந்து, பைபாஸை மூடிக்கொண்டே வாருங்கள். டிரைவில் டார்க் (சுழற்று விசை) பூஜ்யத்தைத் தாண்டி மைனஸுக்குப் போகும் நொடியில் மின்சாரம் வரத் தொடங்கியிருக்கும். மொத்தம் 15 நிமிடம்.

திரும்பி வருவதுதான் ஆபத்து. ஓ.ஆர்.சி. நின்றதும் தாழ் பக்க எக்ஸ்சேஞ்சர் நிறையத் திரவம் கிடக்கும். அப்படியே கம்ப்ரஸரை ஓட்டினால் திரவத்தை உறிஞ்சி ரோட்டரை உடைத்துக்கொள்ளும். எக்ஸ்பாண்டரை மூடி, பைபாஸைத் திறந்து, திரவப் பம்ப்பால் அந்தத் திரவத்தை ரிசீவருக்குத் தள்ளுங்கள். பிறகு தாழ் பக்கத்தை வெதுவெதுப்பான கழிவுநீர் லூப்புக்குத் திருப்பி, மிச்சமும் ஆவியாகி 8 டிகிரி சூப்பர்ஹீட் தெரிந்த பின்னரே கம்ப்ரஸர் ஸ்டார்ட். இதை ஆள் கையில் விடாமல், மெஷினைத் தானாக இயக்கும் பி.எல்.சி. கன்ட்ரோலரில் இன்டர்லாக்காக (ஒரு படி முடியாமல் அடுத்தது தொடங்காதபடி) எழுதிவிடுங்கள். ராத்திரி ஷிப்டில் யாருக்கும் இவ்வளவு பொறுமை இருக்காது. நாளுக்கு ஒருமுறைக்கு மேல் திசை மாற்ற வேண்டாம்.

இரண்டு ஓட்டத்துக்கும் வேண்டிய கேஸ் அளவு ஒன்றல்ல. வித்தியாசத்தை ரிசீவர்தான் தாங்க வேண்டும். ஓ.ஆர்.சி. முழு லோடில் ரிசீவர் சைட் கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு திரவம் தெரியும்வரை நிரப்பினால் சரியாக இருக்கும். நிரப்புவதற்கு முன் நைட்ரஜன் டெஸ்ட், பிறகு 500 மைக்ரான் வேக்குவம். ஈரம் தங்கிவிட்டால் கம்ப்ரஸரின் பி.ஓ.இ. ஆயில் ஆசிடாக மாறி எல்லாவற்றையும் அரிக்கும்.

மின்சாரம் எவ்வளவு, எப்படி எடுப்பது

எக்ஸ்பாண்டர் 220 கிலோவாட் வெப்பத்தை விழுங்கி 12 அல்லது 13 கிலோவாட் தரும். திரவப் பம்ப், டவர் ஃபேன், தண்ணீர்ப் பம்ப் போக 8 நிற்கும். 45 கிலோவாட் மோட்டார் இந்தச் சின்ன லோடில் ஜெனரேட்டராக ஓடுவதால் அதிலும் கொஞ்சம் இழப்பு. மிச்சமிருக்கும் 6.5 மணி நேரத்தில் நாளுக்கு 52 யூனிட், 416 ரூபாய். 300 நாளுக்கு ஒன்றேகால் லட்சம். ஆகவே திசை திருப்புவதற்கென்று மட்டும் ஆகும் கூடுதல் செலவைத் தனியாகக் கேளுங்கள்: திரவப் பம்ப், மூவழி வால்வுகள், ஆயில் பம்ப், டிரைவ், ஸ்டென்டர் எக்ஸ்சேஞ்சரில் இதன் பங்கு. அது ஐந்து லட்சத்தைத் தாண்டினால் எங்கள் யோசனை, வேண்டாம். சாயம் பாதி நாள் நின்று ஸ்டென்டர் மட்டும் முழு நேரம் ஓடும் ஃபினிஷிங் ஆலைகளில் மணிக்கணக்கு இரட்டிப்பாகும், அங்கே கணக்கு தேறும்.

பகலில் சோலார் மிச்சத்தை வெந்நீராக்கி வைத்து மாலையில் மின்சாரமாக்கலாமே என்ற கேள்வி வரும். 62 டிகிரித் தொட்டியை வைத்துக்கொண்டு இந்த எக்ஸ்பாண்டரைச் சுழற்றவே முடியாது. 92 டிகிரிக்குக் கொதிக்க வைத்துச் சேர்த்தாலும், ஒரு யூனிட் மூன்று யூனிட் வெப்பமாகும், அதில் 4 விழுக்காடு மின்சாரமாகும். கையில் வருவது 0.12 யூனிட். தூக்கி எறியப்போகும் வெப்பத்துக்கு மட்டும்தான் எதிர்த்திசை.

சாதாரண வி.எஃப்.டி. (வேகம் மாற்றும் டிரைவ்) மின்சாரத்தைத் திருப்பி அனுப்பாது, அதற்குள் இருக்கும் நேர்மின் இணைப்பான டி.சி. பஸ்ஸில் வோல்டேஜ் ஏறி ட்ரிப் ஆகும். திருப்பி அனுப்பக்கூடிய ரீஜெனரேட்டிவ் டிரைவ் வேண்டும். அல்லது சுத்திகரிப்பு நிலைய புளோயர் டிரைவோடு டி.சி. பஸ்ஸைப் பொதுவாக இணைத்துவிட்டால், இங்கே வருவதை அது குடித்துக்கொள்ளும். புளோயர் எப்போதும் ஓடுவதால் இது சௌகரியம். எப்படியானாலும் மின் ஆய்வாளர் ஒப்புதலையும் மின்பகிர்மானக் கழகத்தின் இணை இயக்க அனுமதியையும் வேலை தொடங்கும் முன் வாங்கிவிடுங்கள்.

கரண்ட் போகும் நொடியைத் தனியாக யோசியுங்கள். ஜெனரேட்டரின் சுமை போனதும் எக்ஸ்பாண்டரைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது, வேகம் எகிறும். எக்ஸ்பாண்டர் வாசலில் ஸ்பிரிங் வைத்து மூடும் வால்வு, கரண்ட் இல்லாவிட்டால் தானே திறக்கும் பைபாஸ், இரண்டும் கட்டாயம். லோடு இல்லாமல் ஓட்டும்போது மெயின் ஸ்விட்சை இழுத்துப் பார்த்துச் சோதியுங்கள், முழு லோடில் முதல் சோதனை வேண்டாம்.

அடிக்கடி வரும் கோளாறு

திரவப் பம்ப் கூழாங்கல் உருட்டுவதுபோல் கடகடத்தால் உள்ளே ஆவி குமிழியிடுகிறது. ரிசீவர் பம்ப்புக்கு ஒன்றரை மீட்டராவது மேலே இருக்கிறதா, சக்ஷன் லைனில் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, டவர் தண்ணீர் திடீரென்று சூடாகிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். மழைக்காலத்தில் சரியாக ஓடி ஏப்ரலில் மட்டும் சத்தம் போட்டால் மூன்றாவதுதான் காரணம். வேகத்தைக் குறைத்தால் அடங்கும்.

பவர் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் கேஸோடு காற்று கலந்திருக்கலாம். மெஷினை நிறுத்தி, இரண்டு லூப்பிலும் ஒரே சூட்டுத் தண்ணீரை ஒரு மணி நேரம் சுற்றவிட்டு அழுத்தத்தைப் பாருங்கள். 30 டிகிரியில் 1.55 பார், கேஜில் ஏறத்தாழ அரை பார் காட்ட வேண்டும். அதைவிட 0.1 பாருக்கு மேல் கூடுதலாகக் காட்டினால் மேல் பக்கத்து வால்விலிருந்து ரெக்கவரி சிலிண்டருக்குக் கொஞ்சம் எடுத்துவிட்டு மறுபடி அளங்கள். இந்தக் கேஸ் 18 டிகிரிக்கு மேல் காற்றழுத்தத்தைவிட அதிகமாகவே இருக்கும், நம் ஊரில் ஓடும் மெஷின் தானாகக் காற்றை இழுக்காது. காற்று வந்தது என்றால் சர்வீஸின்போது வந்தது. ஹோஸுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றாமல் மாட்டியிருப்பார்கள்.

சி.ஓ.பி. 4.2-லிருந்து 3.6-க்கு இறங்கினால் முதலில் கேஸைச் சந்தேகப்படாதீர்கள். கழிவுநீர் எக்ஸ்சேஞ்சரில் பஞ்சு. ஆவியாகும் சூடு 30-லிருந்து 25-க்கு இறங்கியிருக்கும். கழுவினால் அன்றே திரும்பி வரும்.